வில்லின் நடுக்கம்

மெர்லின் வில்லை இழுத்துப் பிடித்திருக்கிறாள். நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறேன். திரையில் அந்தச் சின்ன வெள்ளை வட்டம் காட்டுப்பன்றியின் தோளில் ஆணி அடித்ததுபோல நிற்கிறது, ஆடவில்லை, ஆட வேண்டும், அவள் கையில் இருப்பது பச்சை மரத்தில் செய்த வில், முகில்நாடு என்கிற எங்கள் ஆன்லைன் விளையாட்டுக்குள் புதிதாக வருகிற எல்லோருக்கும் சும்மா கிடைக்கிற, ஒன்றுக்கும் உதவாத வில், காயாத மரம், ஒழுங்காகச் சீவாத முதுகு, அதை இழுத்துப் பிடித்தால் வில்லாளியின் கை நடுங்க வேண்டும், வட்டம் பன்றியை விட்டுப் புதருக்கும் புதரை விட்டு வானத்துக்கும் போய்வர வேண்டும், ஆளுக்கு எரிச்சல் வர வேண்டும், அந்த எரிச்சலில்தான் காட்டுக்குள் போய் நல்ல மரமாகத் தேடுவார்கள், வெட்டுவார்கள், நிழலில் காய வைப்பார்கள், பொறுமையாகச் சீவுவார்கள், நாண் முறுக்குவார்கள், எல்லாம் நான் யோசித்து யோசித்து வைத்தது. மெர்லின் எரிச்சல்படவில்லை. கொட்டாவி விடுகிறாள். மத்தியானச் சாப்பாடு நாங்கள் வாங்கிக் கொடுத்ததுதான், சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கும், ஏசி வேறு ஓடுகிறது, எனக்கே நின்றபடி தூங்கிவிடலாம்போல இருக்கிறது. அவள் விரலை எடுக்கிறாள். அம்பு போய்த் தைக்கிறது. பன்றி விழுகிறது. "செம ஈஸியா இருக்கு மேம்," என்கிறாள் திரும்பிப் பார்க்காமல். பாராட்டு என்று நினைத்துச் சொல்கிறாள் பாவம். பகலில் ஏதோ வங்கியில் வேலை பார்க்கிறவள், லீவு போட்டுவிட்டு எங்கள் விளையாட்டைச் சோதித்துப் பார்க்க வந்திருக்கிறாள், ஆசையாகத்தான் வந்தாள். காலையில் கேட்டேன், ஏன் நீங்கள் புது வில் செய்யவே போகவில்லை என்று. "இதுவே நல்லாத்தானே மேம் அடிக்குது, எதுக்கு இன்னொண்ணு செய்யணும்?" என்றாள். அவளுக்கு முன்னால் வந்தவர்களும் அதையேதான் வேறு வேறு மாதிரி சொன்னார்கள். நான் தலையாட்டிக் குறித்துக்கொண்டேன்.

இந்தக் கம்பெனியில் என் வேலை வில். கல்யாண வீட்டில் யாராவது தாட்சாயணி இப்போ என்ன பண்றா என்று கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். ஆன்லைனில் ஒரு மாயாஜால நாடு இருக்கிறது மாமி, அதில் வில் எப்படிச் செய்வது, எய்தால் கைக்கு எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது நான்தான் என்று சொன்னால், அடுத்த கேள்வி ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதாகத்தான் இருக்கும், பதிலும் அதிலேயே கிடைத்துவிட்டது என்கிற முகத்தோடு. கிரி எனக்கு மேலதிகாரி, ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், அவனுக்கு வழுக்கை விழுந்தது, எனக்கு நரைத்தது, மற்றபடி அதே சண்டைகள். கத்தி அவனுடையது. ஈட்டி இன்னொருத்தருடையது. ஒரு ஆயுதத்துக்கு ஒரு கை என்பது எங்கள் இடத்தில் சட்டம் மாதிரி. ஒரு ஆயுதம் கையில் எப்படி உட்கார வேண்டும் என்பதை ஒரே ஆள்தான் பிடித்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும், வேறு யாரும் அந்த ஆயுதத்துக்குள் வைத்திருக்கிற எண்களைத் தொடக்கூடாது, ஆளாளுக்குத் தொட்டால் கத்தியும் வழவழ, வில்லும் கொழகொழ என்று ஆகிவிடும். சட்டம் போட்டது நான்தான். கிரி ஒருமுறை என் வில்லின் இழுவையைக் கொஞ்சம் கூட்டிவைத்துவிட்டான் என்பதற்காகப் போட்டேன், அப்புறம் அது எல்லோருக்கும் ஆகிவிட்டது. ஆக வில்லைப் பிடித்துப் பார்த்த கை இந்த மாடியில் ஒன்றே ஒன்றுதான். இன்றைக்கு டீக்குப் பிறகு கூட்டம். வில் செய்கிற வேலையை விளையாட்டிலிருந்து எடுத்துவிடலாமா என்று கிரி முடிவு சொல்லப்போகிறான். எடுத்துவிடலாமா என்பதெல்லாம் மரியாதைக்கு. யாருமே செய்யாத ஒரு வேலையை எதற்கு வைத்துக்கொண்டு செர்வரில் இடத்தை அடைப்பது என்பான், அவன் இடத்தில் நானிருந்தாலும் அதைத்தான் சொல்வேன். அந்த மரங்கள் எல்லாம் போய்விடும். ஈரம் இருக்கிற மரத்தைச் சீவினால் வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடும், அளவுக்கு மேல் காய்ந்ததைச் சீவினால் நடுவில் முறியும், இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது, சீவும்போது வருகிற சத்தத்தை வைத்துத்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும், அந்தச் சத்தத்துக்காக நான் மரக்கடை மரக்கடையாக மைக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். எல்லாம் போகும். போகட்டும் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அவ்வளவு அலுப்பாக இருக்கிறது.

மெர்லின் கைகழுவ எழுந்துபோகிறாள், நான் அவள் நாற்காலியில் உட்காருகிறேன். மவுஸில் அவள் உள்ளங்கைச் சூடு இன்னும் இருக்கிறது. விளையாட்டின் அதே பதிப்பு, அதே வில், அதே காடு, இன்னொரு பன்றி வந்து நிற்கிறது. இழுத்துப் பிடிக்கிறேன். வட்டம் ஆடுகிறது. லேசாகத்தான், பன்றியின் தோளிலிருந்து கழுத்துக்கும் கழுத்திலிருந்து தோளுக்கும், சரியான ஆட்டம், நான் நினைத்த அளவு, பச்சை மர வில் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், இதைத்தானே வைத்தேன், இது ஏன் அவளுக்கு வரவில்லை. விட்டுவிட்டு மறுபடி இழுக்கிறேன். ஆடுகிறது. மவுஸைத் திருப்பி அடியில் ஊதிவிட்டு இழுக்கிறேன். பக்கத்து மேஜை மவுஸைப் பிடுங்கிச் செருகி இழுக்கிறேன். கீழே அச்சகம் ஓடினால் இந்தக் கட்டிடமே கொஞ்சம் அதிரும், கிண்டி தொழிற்பேட்டையில் வாடகைக்கு இடம் பிடித்தால் அப்படித்தான், மேஜையில் தண்ணீர் பாட்டில் வைத்தால் தண்ணீர் வட்டம் வட்டமாக நெளியும், கோட் எழுதுகிற ரிஸ்வானிடம் நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், கீழே மெஷின் ஓடுறதால வருது ரிஸ்வான், மேஜை ஆடுது. இன்றைக்கு அச்சகம் ஓடவில்லை. ஏதோ பாகம் உடைந்து ஆள் வரவில்லை என்று வாட்ச்மேன் காலையில் சொன்னார். பாட்டிலைப் பார்க்கிறேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கிறது. மவுஸிலிருந்து கையை எடுத்து மேஜைமேல் மல்லாத்தி வைக்கிறேன், அது பாட்டுக்குச் சும்மா கிடக்கிறது, பார் ஒன்றுமில்லை, கட்டைவிரல் மட்டும் ஆள்காட்டி விரலை மெதுவாகத் தேய்க்கிறது, உப்பு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. நான் தேய்க்கச் சொல்லவில்லை. நிறுத்து என்றால் நிற்கிறது. வேறு எதையாவது நினைத்தால் மறுபடி ஆரம்பிக்கிறது. மெர்லின் வந்துவிட்டாள், நான் எழுந்துகொள்கிறேன்.

தூக்கம் போதாமல் இருக்கலாம். டீ அதிகம் குடிக்கிறேன். தைராய்டு இருந்தாலும் நடுங்குமாம், எங்கள் பெரியம்மாவுக்குத் தைராய்டு, அவளுக்கு எதுவும் நடுங்கவில்லை, குண்டானாள், அவ்வளவுதான். நாளெல்லாம் மவுஸ் பிடிக்கிறவர்களுக்கு மணிக்கட்டில் நரம்பு நசுங்கும், அது மரத்துப்போகும், வலிக்கும், எனக்கு மரத்துப்போகவில்லை, வலிக்கவில்லை. வலித்தால் நன்றாக இருக்கும். அப்பாவுக்கும் வலிக்கவில்லை. அப்பா பஸ் ஓட்டினவர். அந்தக் காலத்துப் பழைய வண்டிகளில் கியர் கம்பி எப்போதும் உதறிக்கொண்டே இருக்கும், அதன்மேல் கையை வைத்தால் கையும் உதறும், எல்லா டிரைவருக்கும் அப்படித்தான், அதனால் அப்பா கை தானாக உதற ஆரம்பித்தது யாருக்கும் தெரியவில்லை, அப்பாவுக்கே தெரியவில்லை. வண்டி ஆடுது, வண்டி ஆடுது என்று டிப்போவில் எழுதிக்கொடுத்து வண்டியை மாற்றி மாற்றி வாங்கினார். புது வண்டியும் ஆடியது. ஒரு லீவு நாளில் வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் ரசம் சிந்தியது, அம்மா பார்த்தாள், என்னங்க கை இப்படி ஆடுது என்றாள், அவர் பழக்கதோஷம் என்றார். வேன்கூட நுழையாத எங்கள் வீதியில், வீட்டுத் தரையில், எந்த வண்டி ஆடுகிறது என்று யாரும் கேட்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரி. டாக்டர் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து நடுவில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி ஒரு சுருள் வரையச் சொன்னார். அப்பா வரைந்தது சுருண்ட மரவட்டை மாதிரி ஓரமெல்லாம் காலாக இருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். இப்போது அம்மா இல்லை, நானும் அவரும்தான், காலையில் சட்டைப் பட்டன் போட்டுவிடுவது நான், டம்ளரில் பாதிக்கு மேல் ஊற்றுவதில்லை, சிந்துமென்று. என் டம்ளரிலும் பாதிதான் ஊற்றிக்கொள்கிறேன். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. இன்று காலையில் அவருடைய மூன்றாவது பட்டன் ஓட்டையில் நுழையவே இல்லை, நுனி வரை போய்ப் போய் வழுக்கியது, புது நூல், இறுக்கமாகத் தைத்திருக்கிறான் என்று திட்டிக்கொண்டே தள்ளினேன், அப்பா குனிந்து என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் எதுவும் இல்லை, அந்த நடுக்குவாதத்தில் முகத்தில் எதுவும் வராது, மெதுவாக அவர் கையும் வந்து அந்தப் பட்டனைப் பிடித்தது, ஒரு பட்டனில் இரண்டு பேர் கையும் நடுங்கிக்கொண்டு நின்றன. "விடும்மா, நான் போட்டுக்கறேன்," என்றார். லேட்டாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் பட்டனைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன், தையல்காரரிடம் சொல்ல வேண்டும் என்று.

ரிஸ்வான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறான். கோட் எழுதுவது அவன், எண்களை வைப்பது நான். அவன் வில்லைத் தொடமாட்டான், அம்பு கிளம்புகிறதா, போய் விழுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு என்னிடம் தள்ளிவிடுவான், சட்டம் அப்படி. மழைக்காலத்துக்கு முன்னால் அவனிடம் போய்ச் சொன்னேன், வில் ரொம்ப ஆடுது ரிஸ்வான், மவுஸ்லேர்ந்து வர்றத நீ எங்கயோ சரியா படிக்கல. அவன் பார்த்தான், ஒன்றும் இல்லை என்றான், இருக்கு என்றேன். பிரித்துப்போட்டு மறுபடி எழுதினான். கொஞ்ச நாள் சரியாக இருந்த மாதிரி இருந்தது, மறுபடி ஆடியது. மறுபடி எழுதினான். அவன் தங்கை நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டு மறுநாளே ஓடிவந்து உட்கார்ந்து எழுதினான், நான் கூப்பிட்டேன் என்பதற்காக. கடைசியில் ஸ்மூத்திங் என்று ஒன்றை வைத்துக் கொடுத்தான், கை கொஞ்சம் தடுமாறினாலும் அதை வழித்துவிட்டு நேராக்கிக் காட்டுகிற ஒரு எண். "இத ரொம்பக் கூட்டாதீங்கக்கா, எல்லாம் வழவழன்னு போயிரும்," என்றான். நான் கூட்டினேன். ஒரு வாரம் கழித்து இன்னும் கொஞ்சம். வில்லாளியின் நடுக்கம் என்று நான் தனியாக வைத்திருந்த எண்ணைக் குறைத்தேன், அது அதிகமாகத் தெரிந்தது, இன்னும் குறைத்தேன். ஒவ்வொரு தடவையும் பிடித்துப் பார்த்தேன், ஆ, இப்போது சரியாக இருக்கிறது, பச்சை மர வில் மாதிரியே இருக்கிறது. இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் தலையைப் பார்த்துக்கொண்டே கூட்டிக் கழித்துப் பார்க்கிறேன். அந்த எண்ணை நான் எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். வில்லுக்கென்று வைத்த நடுக்கம் பேருக்குத்தான் மிச்சம் இருக்கிறது. வழித்துவிடுகிற எண் உச்சியில் இருக்கிறது. அப்படியும் என் கையில் ஆடுகிறது. மெர்லின் கையில் ஆடாமல் நிற்பது அதனால்தான், பச்சை மரமும் காய்ந்த மரமும் அவளுக்கு ஒன்றுதான், யார் கைக்கும் ஒன்றுதான், என் கைக்கு மட்டும்தான் வித்தியாசம். சுருள் வரையச் சொல்லி எந்த டாக்டரும் எனக்குத் தாள் கொடுக்கவில்லை என்று இருந்தேன். தினமும் காலையில் வந்து அந்தப் பரீட்சையைத்தான் எழுதியிருக்கிறேன், நானே எழுதி, நானே திருத்தி, குறைந்த மார்க்கை நானே கூட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

டீ வந்துவிட்டது. கிரி பேப்பர் கப்பை எனக்கு நீட்டுகிறான், முழுசாக இருக்கிறது, நான் இடது கையால் வாங்கி உடனே பக்கத்து மேஜையில் வைக்கிறேன். இதையும் எப்போது பழகினேன். "மூஞ்சி ஏன் இப்படி இருக்கு, தூங்கலயா?" என்கிறான். இல்லை என்கிறேன், அது எந்தக் கேள்விக்கும் பொருந்தும். அவன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்துகிறான். "தாட்சா, ஒண்ணு கேக்கறேன். ரிஸ்வான் அந்த மவுஸ் கோட திருப்பித் திருப்பி எழுதினான் இல்ல? அதுல ஏதோ சொதப்பிட்டான்னு தோணுது. வில்லு இப்படி செத்துப் போய்க் கெடக்கே. நீ என்ன நெனைக்கற?" கெட்டவனில்லை கிரி, மேலே அவனுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, யாராவது ஒரு ஆளைக் காட்டினால் அவனுக்கு வேலை சுலபம். நான் தலையாட்டினால் போதும். ஆமாம் என்றுகூடச் சொல்ல வேண்டாம், இருக்கலாம் என்றால் போதும். கோட் தப்பு என்று ஆகிவிடும், வில் தப்பில்லை என்று ஆகிவிடும், மரம் பிழைக்கும், சத்தம் பிழைக்கும், நானும் பிழைப்பேன், ரிஸ்வான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருப்பான், அப்புறம் பிரியாணி வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடுவான். இல்லை, சரியாக மாட்டான். இந்த மாதிரி ஒரு பேர் ஒட்டினால் போகாது, அடுத்த தடவை ஆள் குறைக்கிறோம் என்று வரும்போது அந்தப் பேர்தான் முதலில் ஞாபகம் வரும். அதோடு முடியவும் முடியாது. கோட்தான் தப்பு என்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து வில்லைச் சரிசெய் என்பார்கள், யார் சரிசெய்வது, நான்தான், எந்தக் கையால், இந்தக் கையால்தான். "பாக்கலாம் கிரி," என்கிறேன். பாக்கலாம் என்பது என்ன பதில். டீயைக் குடிக்காமல் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பெண்கள் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறேன், சும்மா. ஒன்றும் சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும். கூட்டம் நடக்கும், கிரி எடுத்துவிடலாம் என்பான், நான் கொஞ்சம் சண்டை போடுவதுபோலப் போட்டுவிட்டு விட்டுக்கொடுப்பேன், வில் செய்கிற வேலை போய்விடும், எல்லோருக்கும் ஒரே வில், இழுத்தால் நேராகப் போய்க் குத்துகிற வில், அதற்குப் பிடித்துப் பார்க்கவே வேண்டாம், கையே வேண்டாம், என் கை யாருக்கும் தெரியாமல் இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஓடும். அப்பாவும் அப்படித்தான் ஓட்டினார். அவர் ஓட்டிக்கொண்டிருந்தார், பின்னால் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் யாரையும் ஏற்றிக்கொண்டு போகவில்லை. நான் ஓட்டுவது பன்றிகளை. எனக்குப் பயமாக இருக்கிறது. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயமாக இருக்கிறது, சொல்லாவிட்டால் இல்லாமலா போகும், போகாது, தெரிகிறது, இருந்தாலும் பயமாக இருக்கிறது. அப்பாவுக்கு இருக்கிறது என்றால் எனக்கும் வரவேண்டும் என்று ஒன்றும் இல்லையாம், டாக்டரே சொன்னார், அன்றைக்கே கேட்டுவிட்டேன், வெட்கமில்லாமல், அப்பா பக்கத்தில் இருக்கும்போதே கேட்டேன். எனக்கு வந்தால் அப்பாவுக்கு யார் பட்டன் போடுவது. எனக்கு யார் போடுவது. மவுஸ் பிடிக்க முடியாத ஆளுக்கு இந்த மாடியில் என்ன வேலை, கதை எழுதலாம், அரக்கர்களுக்குப் பேர் வைக்கலாம், அதற்கு ஆள் இருக்கிறார்கள். வேறு ஏதாவது இருக்கலாம், சத்துக் குறைவு, மாத்திரை சாப்பிட்டால் போகிற ஏதோ ஒன்று, போய்க் காட்டினால்தானே தெரியும், காட்டினால் தெரிந்துவிடுமே. ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் வீணாகிறது. குழாயை மூடிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ரிஸ்வான் எனக்காக நிற்கிறான்.

சுவரில் பெரிய திரை. கிரி சுற்றிவளைக்கவில்லை, அது அவனிடம் எனக்குப் பிடித்த விஷயம். "வில் செய்யறது நல்ல வேலை, இந்த மாடியிலேயே நல்ல வேலை அதுதான்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். ஆனா ஆடறவங்க யாரும் அந்தப் பக்கமே போகல. மொதல்ல குடுக்கற மட்டமான வில்லே அவங்களுக்குப் போதுமா இருக்கு. அத எடுத்துடலாம். தாட்சா, உனக்கு இது எவ்வளவு கஷ்டம்னு தெரியும்." எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருக்கிறார்கள், மரியாதையாக. நான் சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன், சத்தியமாகத் திறந்துவிட்டேன், அதற்குள் ரிஸ்வான் பேசுகிறான். "வில்லு மேல தப்பு இல்ல கிரி. மவுஸ் கோடுல நான்தான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன். அக்கா ரொம்ப நாளா ஆடுது ஆடுதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க. என்னால கண்டுபிடிக்க முடியல. இன்னும் கொஞ்சம் டைம் குடுங்க, அதுக்குள்ள எல்லாத்தையும் தூக்கிடாதீங்க." கிரி என்னைப் பார்க்கிறான், நான் சொன்னேன் பார்த்தாயா என்று. ரிஸ்வான் யாரையும் பார்க்கவில்லை, பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறான், இல்லாத தப்பை இத்தனை மாதமாக ராத்திரி பகலாகத் தேடியிருக்கிறான், கிடைக்கவில்லை என்று வெட்கப்படுகிறான். எழுந்து லேப்டாப்பை என் பக்கம் இழுக்கிறேன். "என்ன பண்ற?" என்கிறான் கிரி. ஒரு நிமிஷம் என்கிறேன். வழித்துவிடுகிற எண்ணைத் தேடி எடுத்து பூஜ்யமாக்குகிறேன். வில்லாளியின் நடுக்கம், அதில் இருந்த கொஞ்சத்தையும் எடுத்து பூஜ்யமாக்குகிறேன். இனி மவுஸ் எப்படிப் போகிறதோ வட்டம் அப்படியே போகும், நடுவில் யாரும் கிடையாது. காட்டுக்குள் போகிறேன். பச்சை மர வில். பன்றி நிற்கிறது. வலது கையால் மவுஸைப் பிடித்து, பட்டனை அழுத்தி இழுக்கிறேன்.

சுவர் முழுக்க வட்டம் ஆடுகிறது. லேப்டாப்பில் பார்க்கும்போது இவ்வளவு பெரிதாக இல்லை. தோளிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து புதருக்கு, ஒரு கணம் நிற்கிறது, நின்றுவிட்டது என்று மூச்சு விடுவதற்குள் மறுபடி உதறிக்கொண்டு கிளம்புகிறது. அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறேன், நிறுத்தப் பார்த்தால் அதிகமாகிறது, பல்லைக் கடிக்கிறேன், விரலை எடுக்கிறேன். அம்பு எங்கேயோ போகிறது. பன்றி ஓடிவிடுகிறது. மறுபடி இழுத்துப் பிடிக்கிறேன். கிரி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "ஏய், இது. இதத்தான் நான் இத்தன நாளா கேட்டேன்," என்கிறான், அவன் முகம் மலர்ந்துவிட்டது, திரைக்குப் பக்கத்தில் போய் வட்டத்தை விரலால் தொடர்ந்து காட்டுகிறான். "மட்டமான வில்லுன்னா இப்படித்தான் இருக்கணும். பாரு, ஒரே மாதிரி ஆடாம, விட்டு விட்டு வருது பாரு. இத நிறுத்தறதுக்காகவே நான் போய் நல்ல மரம் தேடுவேன். எடுக்க வேணாம், இது இருக்கட்டும், எல்லாமே இருக்கட்டும். இத்தன நாள் இத எங்க வெச்சிருந்த?" ரிஸ்வான் சுவரைப் பார்க்கவில்லை. எட்டி லேப்டாப்பில் இருக்கிற இரண்டு எண்களைப் பார்க்கிறான், அப்புறம் என் கையைப் பார்க்கிறான், பேனா மூடி அவன் விரலிலேயே நிற்கிறது. கிரி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான். "நடுக்கத்துக்கு எவ்வளவு வெச்சிருக்க தாட்சா? சொல்லு, குறிச்சுக்கறேன்."

"ஒண்ணும் வெக்கல கிரி," என்கிறேன். "பூஜ்யம்தான். அது என் கை."